கடைசி மணிக்கும் பூட்டுக்கும் நடுவே

பங்குச் சந்தை ஆணையத்தின் கடிதம் வந்த காலை, நாச்சிமுத்து மில் வாசலில் நின்று பெயர்ப்பலகை எழுதுகிறவனை அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, அது எங்க தாத்தா பேரு. உன்ற இஷ்டத்துக்குச் சாய்ச்சு எழுதறதுக்கு இதென்ன பரோட்டாக் கடையா? அழிச்சுட்டு நேரா எழுது."

"பரோட்டாக் கடைக்காரன் இப்ப எங்கீங்க பெயின்ட்ல எழுதறான்? எல்லாம் லைட்டுல ஓடுது. இந்தச் சூலூர் ரோட்டுலயே ஏணி வெச்சு எழுதற ஒரே மில்லு உங்களுதுதானுங்க" என்றான் அவன், இறங்காமலே.

நாச்சிமுத்து அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். முத்துக்குமரப்பா மில்ஸ் என்ற அந்தப் பெயரின் கீழ் நடந்துதான் அவர் பதினெட்டு வயதில் ஷெட்டுக்குள் போனார். எழுபத்திரண்டு வயதிலும் தலைவராக அதன் கீழ்தான் போய்வருகிறார். மில்லின் பங்குகள் சந்தைக்குப் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. யார் யாரோ வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஆனால் வாசலில் இருக்கும் பெயர் தங்கள் வீட்டுப் பெயர். அந்தப் பெயர்மீது ஒரு தூசி விழவும் அவர் இதுவரை விட்டதில்லை.

கடிதத்தை நின்றபடியே படித்தார். அவருடைய மருமகள் தாரணி ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை மில்லின் பங்குகளை வாங்கியிருக்கிறாள். மூன்று முறையும் போர்டு மீட்டிங் நடந்த மறுநாள். மூன்று முறையும் நல்ல சேதி ஒன்று வெளியாவதற்குச் சில வாரம் முன்பு. தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பில்லை என்று ஆணையத்தின் கணினி கருதுகிறது. உள்ளே இருந்து தகவல் கசிந்ததா என்று விசாரணை நடக்கும்.

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில், பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எழுதற வேலைய நிறுத்து. நாளைக்கு வா" என்று ஏணியில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

தாரணி அந்த மில்லின் உற்பத்தி மேலாளர். மருமகளாக வருவதற்கு முன்பே அங்கே ஷிப்ட் இன்ஜினியராக இருந்தவள். நாச்சிமுத்துவே பார்த்து, பிடித்துப்போய்த் தன் மகன் ஹரிபிரசாத்துக்குக் கட்டிவைத்தார். ஹரிக்கு மில் சத்தமே ஆகாது. பொள்ளாச்சியில் மாட்டு டாக்டராக இருக்கிறான். வீட்டின் வாரிசு என்று அவர் மனதுக்குள் நினைத்துவைத்திருந்தது இந்தப் பெண்ணைத்தான்.

"வாங்குனியா அம்மிணி?"

"வாங்குனனுங்க மாமா."

"உனக்கு ஆரு சொன்னது?"

"ஆரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"அப்புறம் எப்புடி? ஜோசியமா?"

அவள் மேசையைப் பார்த்தபடி நின்றாள். கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும் பெண் அவள். அவள் தலை குனிந்தது கடிதத்தைவிட அதிகமாக அவரைச் சுட்டது.

மத்தியானம் வக்கீல் ஷம்சுதீன் வந்தார். பொள்ளாச்சியிலிருந்து ஹரியும் வந்து சேர்ந்தான், சட்டையில் சாண வாசனையோடு. தலைவரின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு மாட்டைப் பத்திக் கேட்டா சொல்லுவேன்" என்றான் ஹரி. "இந்தப் பூட்டு சமாச்சாரம் ஒண்ணும் புரியல. வக்கீலய்யா, முதல்ல இருந்து சொல்லுங்க. இவ வாங்குனது தப்புன்னா, வாங்கலாம்னு சட்டம் எதுக்கு விட்டுச்சு?"

ஷம்சுதீன் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அந்தக் காலத்துல கம்பெனி நடத்தறவங்களுக்கு உள் விஷயம் முன்கூட்டியே தெரியும். தெரிஞ்சதும் பங்கை வாங்கிப் போட்டுக்குவாங்க. இல்ல, மச்சான் பேர்ல வாங்குவாங்க. அது மத்தவங்க காசைத் திருடற மாதிரி. அதனால கம்பெனிக்காரங்க குடும்பமே குறிப்பிட்ட காலத்துல வாங்கக்கூடாதுன்னு தடை இருந்துச்சு. அப்பவும் நிக்கல. அதுக்கப்புறம்தான் நினைவுப் பூட்டு வந்தது."

"அதான், மீட்டிங் முடிஞ்சதும் நாற்காலில உட்கார வெச்சுத் தலைல தொப்பி மாட்டுவாங்களே."

"அதேதான். ரூமுக்குள்ள ஒவ்வொரு விஷயம் ஆரம்பிக்கும்போதும் ஒரு மணி, முடியும்போதும் ஒரு மணி. வெளிய வர்றதுக்கு முன்னாடி மொத்தத்தையும் பூட்டிருவாங்க. எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு விஷயத்தைக் கம்பெனி ஊருக்கு அறிவிச்சதும், அந்த ரெண்டு மணிக்கு நடுவுல கேட்டது மட்டும் திறக்கும். அறிவிக்காதது பூட்டியே கெடக்கும். ஞாபகமே இல்லாதவன் எப்படி மச்சானுக்குச் சொல்லுவான்? அதனால, குடும்பத்துக்காரங்க வாங்கலாம்னு சட்டத்தைத் தளர்த்துனாங்க."

"நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க."

"நல்லாத்தான்..." என்றார் நாச்சிமுத்து. "நம்ம போர்டுல இருந்த அர்த்தநாரிக்கு அண்ணன் செத்த சேதி மீட்டிங் ரூமுக்குள்ளதான் வந்துச்சு. அழுதான். அப்புறம் பூட்டுனாங்க. வெளிய வந்து சிரிச்சுட்டே காபி கேக்கறான். சேதி கொண்டுவந்த காவலாளுக்குப் பூட்டு இல்லியே, அவன்தான் நடந்ததைச் சொல்லி, சாவையும் மறுபடி சொன்னான். மறுபடி முதல்ல இருந்து அழுதான். ஒரே சாவை ரெண்டு தடவை கேட்ட மனுசன் அவன்." ஹரி பக்கம் திரும்பினார்: "சட்டம்னா சட்டம். பன்னண்டு வருஷமா நானும் அந்தத் தொப்பிய மாட்டிக்கறேன். என்ற நினைப்புல பாதி இந்த மில்லுக்குள்ளயே பூட்டிக் கெடக்குது. கேட்டனா?"

அவர் கேட்டதில்லை. பூட்டு இறங்கினால் அரை மணி நேரம் தலை கிறுகிறுக்கும். கதவுக்கு வெளியே தாரணி ஒரு டம்ளர் மோரோடு நிற்பாள். "பென்சிலை மறுபடியும் காதுல செருகிட்டீங்க மாமா" என்று சிரித்து, எடுத்து அவர் சட்டைப் பையில் வைப்பாள். ஷெட்டில் நாற்பது வருஷம் நின்றவருக்குக் கை தானாகப் போகிறது என்று அவரும் சிரித்துக்கொள்வார். அந்தப் பெண்ணா இப்படிச் செய்தாள்?

ஷம்சுதீன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு வழி இருக்குங்க ஐயா. தாரணி தப்பை ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சுடும். பத்து வருஷம் எந்தக் கம்பெனிலயும் பதவி வகிக்க முடியாது. ஆனா வாங்குன பங்கு வீட்டுலயே இருக்கும். உங்க பேருக்கு ஒண்ணும் வராது. போர்டு ஆளுங்க யாரும் பூட்டைத் திறக்க வேண்டியதில்ல."

"ரெண்டாவது?"

"யாராவது ஒருத்தர் தானா முன்வந்து முழுத் திறப்புக்குச் சம்மதிக்கணும். மணிக்கு நடுவுல இருக்கறது மட்டுமில்ல, கடைசி மணிக்கும் பூட்டுக்கும் நடுவுல இருக்கற அஞ்சாறு நிமிஷம் உள்பட. அது எந்த விஷயத்துக்கும் சேராத நேரம். சாதாரணமா அது திறக்கவே திறக்காது. போர்டுல இருந்துதான் கசிஞ்சதுன்னு ஆயிட்டா, பங்கு எல்லாம் பறிமுதல். அந்தக் கப்பல் கம்பெனிக்காரன் வாசல்லயே காத்துட்டு இருக்கான்."

அதை ஹரிக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கப்பல் கம்பெனி ஒன்று இரண்டு வருஷமாகச் சந்தையில் மில்லின் பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்க்கிறது. தாரணி வாங்கிய பங்குகள் இல்லையென்றால், வரும் ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள் கைதான் ஓங்கும். வாசலில் பெயரும் மாறும்.

"நான் ஒத்துக்கறேனுங்க மாமா" என்றாள் தாரணி. "எழுதி வாங்கிக்கட்டும்."

"எதை ஒத்துக்குவே? ஆரு சொன்னான்னு சொல்லாம ஒத்துக்கிட்டா ஊரு என்ன பேசும்? மாமனார்தான் சொல்லிக் குடுத்தாரு, மருமகளை முன்னால விட்டு ஒளிஞ்சுக்கிட்டாருன்னு பேசும்." நாச்சிமுத்து எழுந்து நின்றார். "வக்கீலய்யா, முழுத் திறப்புக்கு நான் சம்மதம்னு எழுதுங்க."

"மாமா, வேண்டாமுங்க." அவளும் எழுந்துவிட்டாள். "மத்தது எதுவேணா பண்ணுங்க. அது மட்டும் வேண்டாம். அந்த அஞ்சு நிமிஷம் ஆருக்கும் சொந்தமில்லாத நேரமுங்க. அப்படியே கெடக்கட்டும்."

"ஓகோ. அந்த நேரத்துல உனக்குச் சேதி சொல்ற ஆளு ஆரோ உள்ள இருக்கான். அவனை நான் பாத்துருவேன்னு பயமா?"

"அப்பா!" என்றான் ஹரி.

"நீ சும்மா இரு. மாட்டுக்கு ஊசி போடற கையி, இதுல நுழையாத." மருமகள் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போடத்தான் போறேன் அம்மிணி. நாச்சிமுத்து பூட்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா இருக்கற ஆளில்ல. அதை நானே நிரூபிச்சுட்டு வர்றேன். அதுக்கப்புறம் நீ இந்த வீட்டுல இருக்கறதா வேண்டாமான்னு பேசிக்கலாம்."



ஆணையத்தின் அலுவலகம் அவிநாசி சாலையில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தை இடித்துக் கட்டிய கட்டடத்தில் இருந்தது. விசாரணை அதிகாரி லிடியா பொன்ராஜ், திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதிருக்கும். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார்.

"உக்காருங்கய்யா. நீங்களா முன்வந்து திறக்கச் சொன்ன முதல் சேர்மன் நீங்கதான். பன்னெண்டு வருசத்துல ஒருத்தரும் வந்ததில்ல, தெரியுமா?"

"மடியில கனமில்லாதவன் வர்றான்" என்றார் அவர். தாரணி சுவரோரம் ஷம்சுதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை அவர் பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுதேன். இந்த மெசின் திறக்கத்தான் செய்யும். படிக்காது. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க வாயால சொல்லுததுதான் பதிவு. உங்க பேச்சை நம்பித்தான் இந்தச் சட்டமே இருக்கு."

"அது போதும்."

சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, பென்சில். தொப்பியை மாட்டினார்கள். நாக்கில் ஒரு சொட்டு கசப்பாக விழுந்தது. அவர் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

முதலில் வந்தது பழைய மீட்டிங்தான். டாக்கா ஆர்டர். அது ஏற்கெனவே தெரிந்தது. கடைசி மணி அடிக்கிறது. இனி வருவது அவர் பார்த்திராத நேரம்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக நாற்காலிக்குப் போகிறார்கள். காவலாள் எல்லோருடைய உள்ளங்கையையும் விரித்துப் பார்க்கிறான், எழுதி வைத்திருக்கிறார்களா என்று. வேட்டி மடிப்பைக்கூடப் பார்க்கிறான். ஜன்னலோரம் ஒரு கிழவர் தன் முறைக்குக் காத்து நிற்கிறார். அது அவர்தான். அவர் மனதுக்குள் ஓடியது அப்படியே திரும்பி வந்தது. இந்தச் சேதி வெளியே போனால் விலை ஏறிவிடும். ஏறிய விலையில் வீட்டாரால் ஒரு பங்கும் வாங்க முடியாது. கப்பல்காரனுக்குப் பணம் ஒரு பொருட்டே அல்ல. இப்போது வாங்கினால்தான் உண்டு. ஆனால் வெளியே போய் யாரிடம், எப்படிச் சொல்வது? தனக்கே நினைவிருக்காதே.

கை பைக்குள் போகிறது. பென்சிலை எடுக்கிறது. வலது காதில் செருகுகிறது.

நூற்பு ஷெட்டுக்குள் நூல் நூற்கும் பிரேம்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்த மில்லில் மேற்பார்வை பார்த்தவர்களுக்கு என்று தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் இருந்தது. பென்சில் வலது காதில் இருந்தால், எல்லாவற்றையும் ஓட்டு, முழு லோடு. இடது காதில் இருந்தால், நிறுத்து. கணினி வந்து ஷெட்டில் ஆட்களே குறைந்தபின் அது மறைந்துபோயிற்று. அதைப் படிக்கத் தெரிந்தவர்களில் இன்னும் மில்லில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி கதவுக்கு வெளியே மோரோடு நிற்கிறாள்.

காவலாள் அவர் உள்ளங்கையைப் பார்க்கிறான். காதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்காரும்போது மனதில் கடைசியாக ஓடியது ஒரே எண்ணம்: 'இன்னும் அஞ்சு நிமிஷத்துல எனக்கு இது தெரியாது. தெரியாம நடக்கறவன் திருடனாக மாட்டான்.'

அது முடிந்ததும் இரண்டாவது மீட்டிங் திறந்தது. நில வழக்கில் தீர்ப்பு. கடைசி மணி. அதே ஜன்னல். முதல் தடவை செய்தது பூட்டிக் கிடந்ததால் இந்தக் கிழவருக்கு அது தெரியாது. புதிதாக யோசிக்கிறார். புதிதாகக் கண்டுபிடிக்கிறார். என்ன சாமர்த்தியம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, பென்சிலை வலது காதில் செருகுகிறார்.

மூன்றாவது தடவையும் அதேதான். புது நூலுக்கு அனுமதி. ஜன்னல். யோசனை. பென்சில்.

ஒரு தடவை என்றால் சபலம் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்னே செய்தது இன்னதென்றே அறியாத ஒருவன் மூன்று தடவையும் தவறாமல் அதே இடத்துக்கு வந்து நின்றால், அதற்குச் சபலம் என்று பெயரில்லை. அதுதான் அந்த ஆள்.

தொப்பியைக் கழற்றினார்கள். அறை வெளிச்சமாக இருந்தது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

சுவரோரம் பார்த்தார். தாரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஷெட்டில் பத்து வருஷம் அவர் முகத்தையும் காதையும் பார்த்தே வேலை செய்தவள் அவள். கட்டளை வந்தது, செய்தாள். கட்டளை போட்டவருக்கே அது தெரியாது என்று தெரிந்தும் செய்தாள். பழி வந்தபோது, அவருக்குத் தெரியாதவரை அவர் நல்லவராகவே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவளைத்தான் வீட்டில் இருக்கலாமா வேண்டாமா என்று பேசப்போவதாக அவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"சொல்லுங்கய்யா" என்றார் லிடியா. "என்ன பாத்தீய? உங்க போர்டுல யாராவது தகவல் குடுத்தாங்களா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். மெஷின் படிக்காது. உலகத்தில் இதை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான், ஒருத்தி ஏற்கெனவே பழியைத் தூக்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். ஏணிக்காரன் மறுபடி வந்து பலகையை நேராக எழுதி முடித்துவிடுவான். தாத்தா பெயர் அங்கேயே இருக்கும்.

ஷம்சுதீன் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். அவசரமாக எழுந்து வந்து காதோரம் குனிந்தார். "ஐயா, எதுவா இருந்தாலும் யோசிச்சுச் சொல்லுங்க. பூட்டுக்கு முன்னாடி செஞ்சதுக்கு, செஞ்சதே ஞாபகமில்லாதவனைத் தண்டிக்கச் சட்டத்துல பிரிவே இல்லைங்க."

"அப்ப புதுசா எழுதட்டும்" என்றார் நாச்சிமுத்து. "உக்காருங்க வக்கீலய்யா."

வக்கீல் விலகியதும் தாரணி தெரிந்தாள். அவள் வலது கை மடியில் இருந்தது. இடது கை மெல்ல மேலே எழுந்து, கலைந்த முடியை ஒதுக்குவதுபோல, இடது காதைத் தொட்டது. ஒரு விரல். அப்படியே நின்றது.

நிறுத்து.

அறையில் வேறு யாருக்கும் அது ஒன்றும் இல்லை. ஒரு பெண் முடியை ஒதுக்கினாள், அவ்வளவுதான். அவருக்கோ ஷெட் முழுக்க ஓடும் பிரேம்களின் இரைச்சல் காதில் கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே மருமகள் அவருக்குக் கட்டளை போடுகிறாள். முதல் தடவையாக.

தாத்தாவின் பெயர் ஒரு பலகையில் இருக்கிறது. வேண்டுமானால் அதைக் கழற்றிக்கொள்ளட்டும். பலகை போனபிறகும் அந்தப் பெயரை யாராவது ஒருத்தர் நேராகச் சுமக்க வேண்டும். அந்த ஆள் தலைகுனிந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கக்கூடாது.

நாச்சிமுத்து மேசைமேல் கையை நீட்டினார். கண்ணாடிக் கூட்டை எடுக்கவில்லை. கைக்குட்டையை எடுக்கவில்லை. பென்சிலை எடுத்தார். அவள் பார்க்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு, அதை வலது காதில் அழுத்திச் செருகினார்.

தாரணியின் கை காதிலிருந்து இறங்கியது.

"எழுதிக்கங்கம்மா" என்றார் அவர், முதுகு சாயாமல். "கசிஞ்சது போர்டுல இருந்துதான். ஆள் பேரு நாச்சிமுத்து. எப்படிக் கசிஞ்சதுன்னு கேப்பீங்க. உங்க ஆளுங்க அன்னைக்குப் பாக்காத இடத்தை இப்பப் பாருங்க."